பதினேழாம் தேதி பதினான்காம் தேதி நடந்தது

ஆண்டு நிறைவுத் துறை என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பத்து வருஷமாக நான்தான் பழுது பார்க்கிறேன். மாதத்தில் நாலு முறையாவது நின்றுபோகும். மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஏறிப்போய் அதைத் திட்டிக்கொண்டே ஓட வைப்பேன். திட்டாமல் ஓடாது. முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நாட்டில் இதுவரை நடந்த கொலை, கவிழ்ப்பு, காட்டிக்கொடுப்பு எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் விழா எடுப்பதுதான் அந்தத் துறையின் வேலை. தளவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தரைத்தளம் துப்பாக்கிச் சூடுகள். முதல் தளம் குண்டுவெடிப்பும் ஆட்சிக் கவிழ்ப்பும். இரண்டாம் தளம் உளவு. மூன்றாம் தளத்தில் ‘வரலாற்றுத் திருப்புமுனைகள்’ என்று பலகை தொங்கும்; அங்கே மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு அடுத்த திருப்புமுனை எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான்காம் தளம் இயக்குநருக்கு. ஒரு தளத்து ஆள் இன்னொரு தளத்துக் கோப்பைத் தொடக்கூடாது. ஒரு குண்டுவெடிப்பின் நடுவில் கொஞ்சம் துப்பாக்கிச் சூடும் நடந்திருந்தது போன வருஷம் தெரியவந்து, அந்தக் கோப்பு எட்டு மாதம் என் லிஃப்டிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு முழுசாக வராது. தரைத்தளத்துக் கோப்பு ஒன்றில் என் அண்ணன் இருக்கிறான்.

அண்ணன் பஸ் கண்டக்டர். டிப்போவில் ‘விசில்’ என்று கேட்டால்தான் கைகாட்டுவார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், பதினேழாம் தேதி, மணிக்கூண்டுச் சதுக்கத்தில் விலைவாசியைக் குறை என்று கூட்டம் கூடியிருந்தது. அண்ணனின் பஸ் அதற்குள் மாட்டிக்கொண்டது. வழி விடச் சொல்லலாம் என்று இறங்கி விசில் ஊதியிருக்கிறான். அந்த நேரம் பார்த்துச் சுட ஆரம்பித்தார்கள். மொத்தம் இருபத்து மூன்று பேர். அண்ணனுக்கு இருபத்தொன்பது வயது, அண்ணிக்கு இருபத்து நாலு. பிணவறைக்குப் போய் அடையாளம் காட்டியது நான். அதைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்ல வராது.

செத்தவர்கள் எல்லாரும் கலவரக்காரர்கள் என்று அப்போது வானொலியில் சொன்னார்கள். அண்ணி துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பக்கத்து மிஷின்காரி அன்றைக்கே நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். கலவரக்காரன் பெண்டாட்டி என்ற பெயர் பத்துப் பன்னிரண்டு வருஷம் அண்ணியை விடவில்லை. பிறகு ஆட்சி மாறி, கலவரக்காரர்கள் எல்லாரும் ஒரே உத்தரவில் தியாகிகள் ஆனார்கள். இருபத்தைந்தாவது வருஷம் இருபத்து மூன்று பேர் பெயரையும் கல்லில் வெட்டிச் சதுக்கத்தில் நிறுத்தப் போவதாகவும் அறிவிப்பு வந்தது.

“கல்லுல பேர் வரட்டும் தம்பி,” என்றாள் அண்ணி. “என்னை அப்படிச் சொன்னவ எல்லாம் அந்த வழியாத்தான் வேலைக்குப் போறா. தினம் நின்னு படிக்கட்டும். எனக்கு அது போதும்.”

அண்ணிக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. பட்டியலைச் சரிபார்க்கக் கூப்பிட்டபோது என்னோடு தரைத்தளத்துக்கு வந்தாள். எட்டாவது பெயர் அண்ணனுடையது. ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது லிஃப்ட் நின்றது. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில், உள்ளே இயக்குநரும் விழா அதிகாரியும். நான் கூரைப் பலகையைத் திறந்து கம்பி வடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்தவர்களுக்கு நான் ஓர் ஆளாகவே தெரியவில்லை.

“சிறப்பு விருந்தினருக்குப் பதினேழு தோதுப்படாதாம் சார். பதினாலுன்னா வர்றேங்கிறார்.”

“அப்ப பதினாலே வச்சுடுவோம்யா.”

“ஆண்டு நிறைவைச் சம்பவம் நடந்த தேதியிலதான் சார் கொண்டாடணும். விதி இருக்கு.”

இயக்குநர் லிஃப்ட் சுவரில் சாய்ந்துகொண்டார். “சம்பவத்தை வேற தேதிக்கு மாத்தக்கூடாதுன்னு விதி இருக்கா?”

“அப்படி ஒண்ணும் இல்ல சார்.”

“அப்புறம் என்னய்யா யோசனை?”

விளையாட்டுக்குப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். இயக்குநர்கள் விளையாட்டுக்குப் பேசுவதில்லை என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. என் லிஃப்டின் உள்சுவரிலேயே சுற்றறிக்கையை ஒட்டிவிட்டார்கள். ‘மணிக்கூண்டுச் சம்பவம் பதினான்காம் தேதி நடந்ததாகக் கொள்ளப்பட வேண்டும். அது முன்பு பதினேழாம் தேதி நடந்தது தவறாகும்.’

வேலை மும்முரமாக நடந்தது. எழுதுகோலும் வெள்ளை மையும் வாங்கிக்கொண்டு நாலு குமாஸ்தாக்கள் நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள்களைத் திருத்தினார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டைத் திருத்தினார்கள். சட்டப் புத்தகத்தில் அந்தத் தேதி வந்த இடத்திலெல்லாம் சீட்டு ஒட்டினார்கள். அந்த வருஷம் பதினான்காம் தேதி முழுநாளும் மழை பெய்தது என்று வானிலைக்காரர்கள் ஒரு கடிதம் அனுப்பித் தொலைத்தார்கள். சதுக்கத்துப் புகைப்படத்திலோ பளிச்சென்று வெயில். உடனே ஓர் ஓவியரைக் கூப்பிட்டு, படத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் கையில் ஆளுக்கொரு குடை வரையச் சொன்னார்கள். ஒருவர் கீழே விழுந்து கிடப்பார். அவர் கையிலும் ஒன்று வரைந்து, நனையாமல் பார்த்துக்கொண்டார்கள்.

சிறப்பு விருந்தினர் யார் என்பது அழைப்பிதழில் வந்தது. முன்னாள் தலைமைக் காவல் அதிகாரி. அன்றைக்குச் சதுக்கத்தில் ஜீப்பின் மேல் நின்று, சுடச் சொல்லிக் கையைத் தூக்கி இறக்கியவர் அவர்தான் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். எழுத்தில் மட்டும் எங்கேயும் கிடையாது.

அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளோ கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“வரட்டுமே. திரையை அவன்தானே விலக்குவான்? பேரை அவனும்தான் படிக்கணும்.”

அடுத்த வாரம் கடிதம் வந்தது. உயிர்நிலைச் சரிபார்ப்புக் குழு முன்னால் ஆஜராக வேண்டுமாம்.

தரைத்தளத்தின் கோடியில் குழு உட்கார்ந்திருந்தது. ஒரு தலைவர், ஓர் உறுப்பினர், கண்ணாடிக் குடுவையில் தண்ணீர். தலைவர் முன்னால் டிப்போவின் வருகைப் பதிவேடு விரிந்து கிடந்தது. தேதியைத் திருத்தச் சொல்லிப் போக்குவரத்துத் துறைக்கு எழுதியிருக்கிறார்கள். பஸ் ஓடின நாளை ஓடாத நாளாக எழுத முடியாது, வேண்டுமானால் நீங்களே வந்து அந்த பஸ்ஸைத் திருப்பி ஓட்டுங்கள் என்று பதில் வந்துவிட்டதாம்.

“உங்க கணவர் பதினாலாம் தேதி இறந்தார்,” என்றார் தலைவர். “அப்படித்தானேம்மா?”

“பதினேழு,” என்றாள் அண்ணி.

“பதினேழாம் தேதி யாரும் சாகலையேம்மா. சுற்றறிக்கை பார்க்கலையா? சரி, இதைப் பாருங்க. பதினஞ்சாம் தேதி முழு வேலை. பதினாறாம் தேதி முழு வேலை, நானூத்திப் பன்னிரண்டு டிக்கெட் கிழிச்சிருக்கார். பதினாலாம் தேதி செத்தவர் பதினாறாம் தேதி எப்படிம்மா டிக்கெட் கிழிப்பார்? அவர் பேரைக் கல்லுல வைக்க முடியாது. நாங்க மூடநம்பிக்கைக்கு இடம் கொடுக்கிற துறை இல்ல.”

உறுப்பினர் பதிவேட்டின் அடுத்த வரியைச் சுட்டிக்காட்டினார். சிவப்பு மை. ‘பதினேழாம் தேதி: பிற்பகலில் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுச் சென்றார்.’

“ஒழுங்கீனம் வேற,” என்றார் உறுப்பினர், வருத்தத்தோடு.

எனக்குப் பொறுக்கவில்லை. “மத்த இருபத்திரண்டு பேரும் பதினஞ்சு, பதினாறுல உயிரோடதானே சார் இருந்தாங்க? அவங்க பேரை மட்டும் எப்படி வச்சீங்க?”

தலைவர் என்னைப் பரிவோடு பார்த்தார். “அவங்க மாணவர்கள், கூலிக்காரங்க, வேலை தேடிட்டு இருந்தவங்க. அவங்க உயிரோட இருந்ததுக்கு எங்கேயும் பதிவே இல்லப்பா. அதனால எந்தச் சிக்கலும் இல்ல. உங்க அண்ணன்தான் பாவம், நிரந்தர வேலையில இருந்துட்டார்.”

அண்ணி எழுந்துவிட்டாள். வெளியே வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கல்லு செதுக்கற இடம் எங்க இருக்கு தம்பி?” என்று கேட்டாள். அழைத்துப் போனேன். எட்டாவது பெயர் இருந்த இடத்தைத் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருந்தார்கள். அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிணவறைக்கு வெளியே கூட அவள் அப்படி அழவில்லை. கல் தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

இரண்டு நாளில் எங்களைக் கூப்பிட ஆள் வந்தது, இரண்டாம் தளத்திலிருந்து. உளவுப் பிரிவின் அறைக்குப் பலகை கிடையாது. ‘பலகை இல்லாத அறை’ என்று அம்புக்குறி போட்டு மாடிப்படியில் எழுதியிருந்தார்கள். உள்ளே ஓர் அதிகாரி கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, காலண்டரையும் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“செத்ததாச் சொல்லப்பட்ட நாளுக்கு அப்புறமும் வேலைக்கு வந்திருக்கார். பொது இடத்துல பலரோட பேசியிருக்கார். கடைசி நாள் யார்கிட்டயும் சொல்லாமப் போயிருக்கார்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “அம்மா, உங்க கணவர் எங்க ஆளா இருந்திருக்கணும்.”

“இல்லைங்க.”

“இல்லைன்னு நீங்க சொல்றீங்க பாருங்க, எங்க ஆளுங்க வீட்டுல அப்படித்தான் சொல்வாங்க.”

அவருடைய சங்கடமும் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தது. அடுத்த மாதம் உளவுப் பிரிவுக்கு ஐம்பதாவது ஆண்டு நிறைவு. கொண்டாட ஓர் உளவாளி கூடக் கைவசம் இல்லை.

“ஐம்பது வருஷத்துல ஒரு பேரு வெளிய வரலம்மா. அவ்வளவு ரகசியமா வேலை பார்த்திருக்கோம். என்ன வேலை பார்த்தோம்னு எங்களுக்கே தெரியாது. உங்க கணவருக்கு ஒரு சிலை வைக்கிறோம். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்.”

அண்ணி நிமிர்ந்தாள். “பேர் போடுவீங்களா?”

“பேர் போட்டா ரகசியம் என்னம்மா ஆகறது? முகத்தையும் துணியால மூடின மாதிரிதான் செய்வோம்.”

இருபது நாளாகச் சிரிக்காதவள் அப்போது சிரித்துவிட்டாள். “சார், அவர் வாயில ஒரு ரகசியம் அடுத்த ஸ்டாப் வரைக்கும் தாங்காது. என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே அவங்க வீட்டு வண்டவாளம் எல்லாத்தையும் எங்கப்பாகிட்டக் கொட்டிட்டுப் போன மனுஷன். அவரைப் போய் உளவாளிங்கிறீங்களே, உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?”

அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார். தேர்ந்த உளவாளி மனைவியிடம் உளறுவாயாக நடித்திருப்பதாக எழுதினார் என்று அப்புறம் தட்டச்சுக்காரர் சொன்னார். அண்ணி கையெழுத்துப் போடவில்லை.

விழாவுக்கு முதல் நாள் குழுவின் முடிவு வந்தது, முத்திரையோடு. ‘மேற்படி நபர் சம்பவத்தில் இறக்கவில்லை எனவும், சம்பவத்துக்குப் பிறகும் நல்ல உடல்நலத்துடன் பணியாற்றினார் எனவும் இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.’ அண்ணி அதை நாலைந்து முறை படித்தாள். கிழித்துப் போடுவாள் என்று பார்த்தேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு விழாவுக்குப் போறோம்,” என்றாள்.

“எதுக்கு அண்ணி? போய் இன்னும் என்னத்தைப் பார்க்கணும்?”

“அந்தாள் என்ன பேசறான்னு கேக்கணும்.”

சதுக்கத்தில் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் சரியாக இருந்தன. முதலில் இரண்டு நிமிட மௌனம். கூட்டத்தை நம்பி விட்டால் இருமுகிறார்கள் என்பதால், போன வருஷத்து மௌனத்தைச் சுத்தமாகப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதை ஒலிபெருக்கியில் போட்டார்கள். சிறப்பு விருந்தினருக்கு நேரமில்லை என்று நாற்பதாவது விநாடியில் நிறுத்திவிட்டார்கள். மீதியை மாலையில் வானொலியில் கேட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தார் விழா அதிகாரி.

முன்னாள் தலைமைக் காவல் அதிகாரி எழுந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல கம்பீரமான குரல். எல்லாரும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“அன்பார்ந்த பொதுமக்களே! இந்தச் சம்பவத்தைப் பற்றி இருபத்தைந்து வருஷமாக என் பெயரை இழுத்து வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நான் பொறுமையாக இருந்தேன். வரலாறு பதில் சொல்லும் என்று காத்திருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிட்டது. சம்பவம் நடந்தது பதினான்காம் தேதி. பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை நான் காய்ச்சலில் படுத்திருந்தேன், விடுப்புக் கடிதம் இருக்கிறது! நான் இருந்திருந்தால் ஒரு குண்டு பாய்ந்திருக்குமா? பதினேழாம் தேதி காலையில்தான் வேலைக்குத் திரும்பினேன். அன்று முழுவதும் இதே சதுக்கத்தில், ஜீப்பின் மேல் நின்று, என் நேரடி உத்தரவில் அமைதியை நிலைநாட்டினேன். அன்று இங்கே என் உத்தரவில்லாமல் ஓர் இலை அசைந்திருக்காது!”

கைதட்டல். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தேதி தோதுப்படாமல் மாற்றவில்லை. அவருடைய விடுப்புக்குத் தோதாகத்தான் மாற்றியிருக்கிறார்கள். கத்திவிடலாம் என்று எழுந்தேன், அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அந்தப் பேச்சு முழுவதும் விழா மலரில் முன்கூட்டியே அச்சாகியிருந்தது, அவர் கையெழுத்தோடு. அண்ணி இரண்டு மலர் வாங்கிக்கொண்டாள். திரை விலகுவதற்குள் எழுந்துவிட்டாள்.

“எங்க அண்ணி?”

“போலீஸ் ஸ்டேஷனுக்கு.”

காவல் நிலையத்தில் எல்லாரும் விழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். எழுத்தர் மட்டும் இருந்தார். அளவுகோல் வைத்து ஒரு பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்த மனிதர், எங்களைப் பார்த்ததும் கோட்டை முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினார்.

“என் புருஷனைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. புகார் எழுதணும்,” என்றாள் அண்ணி.

விவரம் கேட்டதும் எழுத்தர் அளவுகோலைக் கீழே வைத்தார். “மணிக்கூண்டுச் சம்பவமா? அதுக்குத்தான் பொதுமன்னிப்புச் சட்டம் இருக்கேம்மா. யார் மேலயும் வழக்குப் போட முடியாது.”

“எந்தத் தேதி சம்பவத்துக்குன்னு பாருங்க.”

எழுத்தர் சட்டப் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டியிருந்தது. “பதினாலு,” என்றார்.

“எங்க வீட்டுக்காரர் பதினாறாம் தேதி உயிரோட இருந்தார். அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கு.” அண்ணி சான்றிதழை மேஜையில் வைத்தாள். அதன் மேல், வீட்டுப் பெட்டியில் இருந்த பிணப் பரிசோதனை அறிக்கையை வைத்தாள். பட்டியலில் இல்லாத ஆள் என்பதால் அண்ணனுடையதை மட்டும் திருத்த யாரும் வீட்டுக்கு வரவில்லை. பதினேழாம் தேதி, மணிக்கூண்டுச் சதுக்கம், துப்பாக்கிக் குண்டு, நெஞ்சில். கடைசியாக விழா மலரைப் பக்கம் பிரித்து வைத்தாள். “அன்னைக்கு அங்க யாரு உத்தரவு போட்டாங்கன்னு அவரே சொல்லியிருக்கார். படிச்சுப் பாருங்க.”

எழுத்தர் படித்தார். மறுபடி சட்டப் புத்தகத்தைப் படித்தார். எழுந்துபோய் யாருக்கோ தொலைபேசியில் பேசிவிட்டு வந்து உட்கார்ந்து, புதுப் பக்கத்தைத் திருப்பி, கோடு போட ஆரம்பித்தார்.

கால்மணி நேரத்தில் இயக்குநர் வந்துவிட்டார். கோட்டில் விழா ரோஜா, மூச்சு இரைத்தது. பின்னாலேயே விழா அதிகாரி.

“அம்மா, ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு. இன்னைக்கே சரி பண்ணிடறோம். உங்க கணவர் பேரு கல்லுல வரும். எட்டாவதா இல்ல, முதல் பேரா. பொன் எழுத்துல போடறோம். கல் தச்சருக்குச் சொல்லியாச்சு.”

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருஷம் இதற்குத்தான் காத்திருந்தாள். நானாக இருந்தால் சரியென்று தலையாட்டியிருப்பேன், மறைப்பானேன். அவளும் ஆட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“கல்லுல என்ன தேதி போடுவீங்க?” என்று கேட்டாள்.

இயக்குநர் விழா அதிகாரியைப் பார்த்தார். விழா அதிகாரி தரையைப் பார்த்தார். “பதினாலுதாம்மா போட முடியும்,” என்றார் இயக்குநர்.

அண்ணி எழுத்தர் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். “நீங்க எழுதுங்க சார்.”

“எழுதாதய்யா!” என்றார் இயக்குநர். “அந்தப் பக்கத்தைக் கிழி!”

எழுத்தருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பக்க எண் போட்ட பதிவேடு சார். கோடு போட்ட பக்கத்தைக் கிழிக்கக்கூடாது. விதி.” அப்புறம் அண்ணியைக் கேட்டார். “இறந்தவர் பேரு சொல்லுங்கம்மா.”

அண்ணி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அவர் எழுதினார்.

“இறந்த தேதி?”

“பதினேழு.”

எழுதினார்.

“கொன்னவர் பேரு?”

அண்ணி அதையும் சொன்னாள். இயக்குநர் உட்கார இடம் தேடினார். எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி வாசலை ஒருமுறை பார்த்தார், மலரில் இருந்த கையெழுத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்று, அந்தப் பெயரை மெதுவாக எழுதி முடித்தார்.